பிக்கப்பின் கிளட்ச் கீழ் பம்ப்: இரண்டாம் தடவையில் நின்ற ஒழுக்கு

நேற்று மாலை பினாங்குப் பாலத்தின் நடுவில் முக்கால் மணி நேரம் நின்று நின்று ஊர்ந்தோம். வண்டியின் பின்தட்டில் ஆறு அண்டா, இரண்டு பெரிய அடுப்பு, பதினான்கு மடக்கு மேசை. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு முதல் நடை. கிளட்சை எத்தனை தடவை மிதித்தேன் என்று எண்ணவில்லை, நூறைத் தாண்டியிருக்கும். வீட்டுக்கு வந்ததும், ஒழுக்கு சொட்டினால் தெரியட்டும் என்று வண்டிக்கு அடியில் ஓர் அட்டைத்தாளைப் போட்டேன். இன்று காலை ஐந்தரைக்கு டார்ச் விளக்குடன் குனிந்து பார்த்தேன். அட்டை காய்ந்து கிடந்தது. ஐந்து வாரமாக இதற்குத்தான் காத்திருந்தேன்.

எங்கள் வீடு பட்டர்வொர்த்தில், பாகான் டாலாம் பக்கம். வண்டி 2008-இல் வாங்கிய ஜப்பானிய டீசல் பிக்கப், கையால் கியர் மாற்றும் வகை. இதுவரை 3,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பெயரைச் சொல்லத் தேவையில்லை. இந்தக் கிளட்ச் அமைப்பு இவ்வகை வண்டிகள் பலவற்றில் ஏறக்குறைய ஒன்றுதான். மிதியை அழுத்தினால் இஞ்சின் அறையின் பின்சுவரில் உள்ள மேல் பம்ப் எண்ணெயைத் தள்ளும். அந்த எண்ணெய் குழாய் வழியாக வந்து கியர்பாக்ஸின் பக்கவாட்டில் உள்ள கீழ் பம்பின் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் ஒரு கம்பியைத் தள்ளும், கம்பி கிளட்ச் கவையைத் தள்ளும். அவ்வளவுதான். இந்த நாலு தள்ளலுக்குள் நான் எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்தேன்.

முதல் சொட்டைக் கண்டவர் என் மனைவி. மார்கழிக் கோலம் போட வாசலுக்குப் போனவர், "என்னங்க, உங்கள் வண்டி என் இடத்தில் எண்ணெய் விட்டிருக்கிறது" என்றார். கார் நிறுத்தும் திண்ணையில் இருபது சென் காசளவு கறுப்புப் பொட்டு. நான் துணியால் துடைத்துவிட்டு மறந்தேன். மறுநாள் அதே இடத்தில் மீண்டும் பொட்டு. மூன்றாம் நாள் ஐம்பது சென் அளவு.

பிறைத் தொழிற்பேட்டையில் 27 ஆண்டுகள் பம்புகளைப் பழுதுபார்த்தவன் நான். அதனால் வந்த மிதப்பு என்னிடம் உண்டு. சொட்டைப் பார்த்தேன், கறுப்பாக இருந்தது, கியர்பாக்ஸுக்கு நேர் கீழே இருந்தது, "கியர் எண்ணெய்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். உடனே கடைக்குப் போய் ஒரு லிட்டர் கியர் எண்ணெய் 28 வெள்ளி (ரிங்கிட்), அடைப்பான் வாஷர் 3 வெள்ளி, அடிப்பாகத்தைக் கழுவ ஒரு டின் 9 வெள்ளி என்று 40 வெள்ளி செலவு செய்தேன். சோதிப்பதற்கு முன்பே வாங்கிவிட்டேன் என்பதைக் கவனியுங்கள்.

வீட்டுக்கு வந்து கியர்பாக்ஸின் பக்கத் துளையைத் திறந்தால், எண்ணெய் விளிம்பு வரை நிறைந்து நின்றது. விரலை விட்டவுடன் வழிந்தது. அதாவது ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. இஞ்சின் எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தேன். அதுவும் மேல் கோட்டில் இருந்தது. இரண்டும் குறையவில்லை, ஆனால் தரையில் எண்ணெய் இருக்கிறது. தொழிற்சாலையில் ஒரு பயிற்சிப் பையன் இந்தக் கணக்கோடு என்னிடம் வந்திருந்தால், "மூன்றாவது எண்ணெய் எது என்று போய்ப் பார்" என்று சொல்லி அனுப்பியிருப்பேன். என் வண்டி என்பதால் எனக்கு அது தோன்றவில்லை. சிறு ஒழுக்குக்கு அளவு குறைந்தது தெரியாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

புத்தாண்டு கழிந்ததும் ஒரு பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அவர்கள் வண்டியைத் தூக்கி, கியர்பாக்ஸின் முன்பக்கத்தில் கிளட்சை மூடியிருக்கும் மணி வடிவக் கூடு (மணிக்கூடு) நனைந்திருப்பதைப் பார்த்து, இஞ்சினின் பின்முனையில் எண்ணெயை அடைக்கும் கிராங்க் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும், 850 வெள்ளி ஆகும் என்றார்கள். இறக்கும்போது கிளட்ச் தட்டையும் மாற்றிவிடுவது நல்லது, அது தனிக் கணக்கு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கீழேயிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். நானும் அதையே நம்பியிருப்பேன், அன்று மாலை திண்ணையைக் கழுவாமல் இருந்திருந்தால்.

தீபாவளிக்கு முன்பு அந்தச் சிமெண்டுத் தரைக்குச் சிவப்புச் சாயம் பூசியிருந்தேன். பொட்டு விழும் இடத்தைத் தேங்காய் நார்ப் பிரஷால் தேய்த்தபோது எண்ணெயோடு சாயமும் சேர்ந்து வந்தது. நகத்தால் கீறினால் பழைய பாலாடை போலச் சுருண்டு எழுந்தது. அதன் கீழே சாம்பல் நிறச் சிமெண்டு. இஞ்சின் எண்ணெய் பல வருடமாக இதே திண்ணையில் சிந்தியிருக்கிறது. அது சாயத்தைக் கறையாக்கும், உரிக்காது. சாயத்தை உரிக்கும் எண்ணெய் வண்டியில் ஒன்றுதான் உண்டு: பிரேக் எண்ணெய். கிளட்சுக்கும் அதையேதான் ஊற்றுகிறோம்.

சமையலறையிலிருந்து இரண்டு வெள்ளைத் தட்டுகளை எடுத்து வந்து தண்ணீர் ஊற்றினேன். ஒன்றில் புதுக் கியர் எண்ணெய் ஒரு சொட்டு. அது மேலே மிதந்து, வட்டமாகப் பரவி, வானவில் காட்டியது. மற்றதில் மணிக்கூட்டின் அடியிலிருந்து விரலில் ஏந்திய சொட்டு. அதிலிருந்த கறுப்பு அழுக்கு தூள்தூளாகக் கீழே இறங்கியது. எண்ணெய் இருந்த இடமே தெரியவில்லை, தண்ணீரோடு கலந்துவிட்டது. டாட் 3, டாட் 4 வகைப் பிரேக் எண்ணெய் நீரில் கரையும். கனிம எண்ணெய் கரையாது. கியர் எண்ணெய்க்கு உள்ள கந்தக நாற்றமும் அந்தச் சொட்டில் இல்லை. முதல் நாளே மோந்து பார்த்திருக்கலாம். கிளட்ச் தூளும் பழைய பிசுக்கும் சேர்ந்ததால் கறுத்திருந்த அது, உண்மையில் தேன் நிற எண்ணெய்.

இஞ்சின் மூடியைத் திறந்து கிளட்ச் எண்ணெய்க் குப்பியைப் பார்த்தால் கீழ்க்கோட்டுக்கு அருகில் இருந்தது. அப்போது பின்னால் வந்து நின்ற என் மகன் சாவகாசமாகச் சொன்னான்: "கியர் விழ இறுக்கமாக இருந்தால் நான் அதில் கொஞ்சம் ஊற்றிவிடுவேன் அப்பா. சரியாகிவிடும்." எத்தனை நாளாக? "நவம்பரிலிருந்து." அவனை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் 40 வெள்ளி மிச்சம். இப்போது அந்தக் குப்பியின் பக்கத்தில் வெள்ளை டேப் ஒட்டி, ஊற்றுபவர் தேதி எழுத வேண்டும் என்று வீட்டில் சட்டம் போட்டிருக்கிறேன்.

கீழ் பம்பின் தூசி உறையின் ஓரத்தைத் திருப்புளியால் லேசாகத் தூக்கினேன். ஒரு கரண்டி அளவு எண்ணெய் என் முழங்கை வழியாக அக்குளுக்கு ஓடியது. சந்தேகம் தீர்ந்தது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர்க் கிண்ணம் தேய்ந்து எண்ணெய் உறைக்குள் வந்து நிரம்புகிறது. நிரம்பியதும் உறையின் வாயால் வழிந்து, மணிக்கூட்டின் வளைவில் ஓடி, அடிமுனையில் சொட்டுகிறது. பார்ப்பவர்களுக்கு அது கிராங்க் சீல் போலத் தெரிகிறது. (கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இந்த எண்ணெய் கண்ணில் பட்டால் எரிச்சல் சாதாரணமாக இருக்காது.)

ஒரு சனிக்கிழமை வேலையைத் தொடங்கினேன். பிக்கப் உயரமானது என்பதால் ஜாக் இல்லாமலே அடியில் நுழைய முடிந்தது. அடியில் ஒரு பழைய கோரைப்பாய், பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை, கைப்பிரேக், கூடவே முதல் கியர். கட்டை எதற்கு, கியர் போதாதா என்று மகன் கேட்டான். கிளட்ச் வேலை செய்யத் தொடங்கியதும், மிதியை அழுத்தியிருக்கும் நேரத்தில் கியர் பிடிக்காது. அப்போது நான் சக்கரங்களுக்கு நடுவில் படுத்திருப்பேன்.

பம்பைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டும் 12 நம்பர், சுலபமாகக் கழன்றன. மாட்டியது குழாயின் மூட்டு நட்டில். 10 நம்பர் திறந்தவாய் ஸ்பேனரைப் போட்டு இழுத்தேன். நட் திரும்பவில்லை, அதன் மூலைகள் மழுங்கத் தொடங்கின. இரண்டாவது இழுப்பில் ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி கியர்பாக்ஸில் மோதியது. மூன்றாவது இழுப்பு இழுக்கவில்லை. அது நல்ல முடிவு. அந்த நட் முழுக்க உருண்டுவிட்டால் குழாயையே மாற்ற வேண்டும், அது மேலே இஞ்சின் அறை வரை போகிறது.

மறுநாள் ஞாயிறு. காலையில் ஜார்ஜ்டவுனுக்குப் போய் லோரோங் கூலிட் சந்தையில் தேடினேன். நகர விளையாட்டரங்கத்தை ஒட்டிய அந்தப் பழைய பொருள் சந்தையில் தரையில் விரித்த தார்ப்பாயில் குவித்துக் கிடக்கும் கருவிகளுக்கு நான் அடிமை. (கடலைக் கடக்கும் பெர்ரிப் படகில் நடந்து ஏறிப் போனேன். முன்பெல்லாம் வண்டியோடு ஏறுவோம். 2021-லிருந்து நாலு சக்கர வண்டிகளை ஏற்றுவதில்லை. பந்தல் சாமான் பாலத்தின் நெரிசலில் போவதும் அதனால்தான்.) மலாய்க்காரப் பெரியவர் ஒருவரிடம் குழாய் நட்டுக்கான வெட்டுவாய் ஸ்பேனர் கிடைத்தது, ஒருபக்கம் 10, மறுபக்கம் 11. வளையத்தின் ஒரு ஓரத்தில் குழாய் நுழையும் அளவுக்கு வெட்டு இருக்கும். நட்டின் ஐந்து பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். 15 வெள்ளி சொன்னார், 8-க்குக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து நட்டில் ஊடுருவும் எண்ணெய் தெளித்து ஒரு மணி நேரம் விட்டு, அந்த ஸ்பேனரை மாட்டி உள்ளங்கையால் ஒரு குத்து. 'டக்' என்று விட்டது. அந்தச் சத்தத்துக்கு நிகரான இசை எனக்குத் தெரிந்து இல்லை. கழற்றாமல் திரும்ப இறுக்கிவிட்டேன்; பொங்கல் வேலை இருந்தது, ரப்பர் செட்டும் வந்து சேரவில்லை.

பொங்கல் முடிந்த சனிக்கிழமை முதல் பழுதுபார்ப்பு. முழுப் பம்ப் 85 வெள்ளி, ரப்பர் செட் 18 வெள்ளி. செட்டை வாங்கினேன். பம்பைக் கழற்றி மேசையில் வைத்து, குழாய் துளையில் சைக்கிள் பம்பால் காற்று அடித்ததும் பிஸ்டன் வெளியே வந்தது. பின்னாலேயே சுருள்கம்பியும் காபிக் கசடு போன்ற வண்டலும். உருளையின் உட்சுவரை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் கடுகளவில் இரண்டு அரிப்புக் குழிகள். இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? அந்த ஈரம் தாழ்ந்த இடத்தில் தங்கி உலோகத்தைத் தின்னும். 1000 நம்பர் உப்புத்தாளால் தேய்த்தேன். குழிகள் ஓரளவு மங்கின, மறையவில்லை. போதும் என்று நினைத்தேன்.

பிறகு அந்தத் தவறைச் செய்தேன். பிஸ்டன், சுருள்கம்பி, உருளை எல்லாவற்றையும் டீசலில் கழுவினேன். தொழிற்சாலையில் 27 ஆண்டுகளாகக் கழுவியது அப்படித்தான். கை தானாகவே புது ரப்பர்க் கிண்ணத்தையும் அந்த டீசல் டப்பாவில் போட்டு அலசி எடுத்தது. பிரேக், கிளட்ச் ரப்பர்கள் பிரேக் எண்ணெய்க்கென்றே செய்யப்பட்டவை. டீசல், பெட்ரோல், கிரீஸ், இஞ்சின் எண்ணெய் எதுவும் அவற்றுக்கு ஆகாது, ஊதிப்போகும். இது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. தெரிந்த செய்தி கைக்குப் போய்ச் சேரவில்லை.

மாட்டினேன், குழாயில் சிக்கியிருந்த காற்றை எடுத்தேன், மிதி கல்லு மாதிரி நின்றது. மகிழ்ச்சியில் மகனுக்கு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தேன். ஐந்து நாள். வியாழக்கிழமை இரவு அட்டையில் மீண்டும் பொட்டு. மறுநாள் காலை ரிவர்ஸ் கியர் கறகறவென்று கத்தியது. கழற்றிப் பார்த்தபோது கிண்ணத்தின் உதடு மென்மையாகி, பழைய கிண்ணத்தைவிட விளிம்பு அகலமாகத் தெரிந்தது. அமுக்கினால் ஊறவைத்த உளுந்து வடை போல அமுங்கியது. ஒரு இடத்தில், குழி இருந்த பக்கமாக, உதடு கிழிந்தும் இருந்தது. டீசலா, குழியா, யார் குற்றவாளி? இரண்டும் என்றுதான் சொல்வேன். ஊதிய ரப்பர் குழியின் மேல் போய் வந்து கிழிந்திருக்கிறது.

இந்தத் தடவை விவாதமே இல்லை. 85 வெள்ளி கொடுத்து முழுப் பம்ப் வாங்கினேன். தைப்பூசத்துக்கு எட்டு நாள் இருந்தது. புதுப் பம்பைப் பழையதன் பக்கத்தில் வைத்து மூன்று விஷயம் பார்த்தேன்: போல்ட் துளைகளின் இடைவெளி, குழாய் துளையின் மரை, கம்பியின் நீளம். கம்பி பழையதைவிட ஒரு மில்லிமீட்டர் குட்டை போலத் தோன்றியது. பழைய கம்பியையே துடைத்துப் போட்டேன். கம்பியின் நுனி கவையில் உட்காரும் குழியில் மட்டும் ஒரு பயறளவு கிரீஸ். உருளைக்குள் கிரீஸ் கிடையாது. குழாய் நட்டை முதலில் விரலால் நாலைந்து சுற்று ஏற்றிவிட்டு அதற்குப் பிறகுதான் பம்பைப் போல்ட்டால் பிடித்தேன். முதல் தடவை பம்பைப் பிடித்துவிட்டு நட்டை ஏற்றப் போய், மரை கோணலாகி வியர்த்துவிட்டது.

காற்று எடுப்பதுதான் இந்த வேலையில் நேரம் தின்னும் பகுதி. மீன்தொட்டிக் கடையில் உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒரு மீட்டர் 2 வெள்ளி. அதன் ஒரு முனை பம்பில் காற்றை வெளியேற்றும் நிப்பிளில், மறுமுனை கொஞ்சம் பிரேக் எண்ணெய் மட்டும் ஊற்றிய பழைய தண்ணீர்ப் புட்டியில் மூழ்கியிருக்க வேண்டும். மேலே ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, கீழே நான் நிப்பிளைத் திறக்க, காற்றுக் குமிழோடு எண்ணெய் வர, நான் மூட, அதன் பிறகுதான் அவர் மிதியை விட வேண்டும். மூடுவதற்கு முன் விட்டால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடும்.

முதல் பழுதின்போது என் மனைவி மிதியில் இருந்தார். நான் அடியிலிருந்து "பிடி", "விடு" என்று கத்தினேன். தகரத்துக்கும் கம்பளத்துக்கும் அப்பால் இரண்டும் அவருக்கு ஒன்றாகவே கேட்டன. நான் பிடி என்றபோது விட்டார், விடு என்றபோது பிடித்தார். குமிழ் நிற்கவே இல்லை. அரை மணி நேரம் கழித்து, "நீங்கள் தமிழை மாற்றுங்கள், நான் காலை மாற்ற மாட்டேன்" என்றார். இரண்டாம் தடவை பேச்சே இல்லை. வண்டியின் அடிச்சட்டத்தில் ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினால் அழுத்திப் பிடி, இரண்டு தட்டினால் விடு. பதினெட்டுச் சுற்றில் முடிந்தது.

நடுவில் ஒரு தடை. எட்டாவது சுற்றில் மேலே குப்பி காலியாகிவிட்டது. அது சின்னக் குப்பி, நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும். காற்று மேலிருந்தே உள்ளே போய்விட்டதால் முதலிலிருந்து தொடங்கினோம். அதற்குப் பிறகு மகனைக் குப்பிக்குக் காவல் வைத்தேன். நவம்பரிலிருந்து ஊற்றிப் பழகியவன் அல்லவா. புட்டியிலிருந்து வந்த பழைய எண்ணெயைத் திரும்ப ஊற்றக் கூடாது. இரு தடவையும் சேர்த்து 500 மில்லியில் இரண்டு புட்டி டாட் 3 முடிந்தது, 28 வெள்ளி. கடைசியில் வந்த எண்ணெய் புதுசின் நிறத்திலேயே வந்தது, குமிழ் இல்லை. மிதி தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் பிடித்தது. முன்பு அது கம்பளத்தை முத்தமிடும் நேரத்தில்தான் பிடிக்கும், அதற்கும் பழகிப்போயிருந்தோம். இஞ்சினை ஓடவிட்டு ரிவர்ஸ் போட்டேன். சத்தமில்லாமல் விழுந்தது.

சிந்திய எண்ணெயைத் தண்ணீரால் தாராளமாகக் கழுவினேன். இந்த எண்ணெயில் பிடித்த ஒரே குணம் அதுதான், தண்ணீருக்குப் போய்விடும்.

மொத்தச் செலவு 181 வெள்ளி. தேவையில்லாத கியர் எண்ணெய், வாஷர், கழுவும் டின் 40, வீணான ரப்பர் செட் 18, பம்ப் 85, பிரேக் எண்ணெய் 28, ஸ்பேனர் 8, குழாய் 2. நேரே வேலைக்கு வந்திருந்தால் 109-க்குள் முடிந்திருக்கும், அந்த எண்ணெயும் ஒரு புட்டியே போதும். கியர் எண்ணெய் மட்டும் திறக்காமல் இருக்கிறது. வாங்க ஆள் இருந்தால் சொல்லுங்கள்.

அடுத்த தடவை ரப்பர் செட்டைத் தொடவே மாட்டேன். உருளையில் நகம் மாட்டும் குழி ஒன்று இருந்தாலும் முழுப் பம்ப்தான். 10 நம்பர் வெட்டுவாய் ஸ்பேனர் இல்லாமல் குழாய் நட்டில் கை வைக்க மாட்டேன். டீசல் டப்பாவுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு பிரேக் எண்ணெய் டப்பாவும் இருக்கிறது, மூடியில் சிவப்பு மையால் 'ரப்பர்' என்று எழுதி.

மேல் பம்ப் இன்னும் பழசுதான். இரண்டுக்கும் வயது ஒன்று. மிதிக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன், கம்பி நுழையும் இடத்தில் ஈரம் இல்லை, ஆனால் தூசி கொஞ்சம் பிசுபிசுத்தது. தைப்பூசம் முடியட்டும். இன்றைக்கு அரிசி மூட்டையும் எரிவாயு உருளைகளும் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் பந்தலுக்குப் போக வேண்டும். திண்ணையில் சாயம் உரிந்த இடத்தை மறைத்து மனைவி ஒரு தாமரைக் கோலம் போட்டிருக்கிறார். வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லி உத்தரவு.